கருப்பொருள்வழிச் சொற்கல்வி

கருப்பொருள்வழிச் சொற்கல்வி என்பது ஒரு மொழியின் சொற்களை அகர வரிசையிலோ தனித்தனியாகவோ கற்காமல், ஒரு தொழில், இடம், நிகழ்வு அல்லது கருத்தைச் சுற்றி அமைந்த தொகுதிகளாகக் கற்கும் முறையாகும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போர் அடிப்படைச் சொற்களைக் கடந்து உயர்நிலைச் சொல்வளம் பெறுவதற்கு இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. தமிழில் இதற்கு நெருங்கிய மரபு திணைக் கருப்பொருட் பட்டியல்களிலும் நிகண்டுகளிலும் உள்ளது. சொற்களைத் தொகுப்பதனால் மட்டும் பயன் விளைவதில்லை. எத்தகைய தொகுதியாக, எந்த நிலையில் கற்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே கற்றல் எளிதாகவோ கடினமாகவோ அமைகிறது. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளம், கோவில்பட்டி, எட்டயபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்தின் வாழ்வியலிலிருந்து தரப்பட்டுள்ளன.

தேவை

ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு சொற்குடும்பம் எனப்படும். தமிழில் 'நட', 'நடை', 'நடத்தை', 'நடப்பு' என்பன ஒரு குடும்பமாக அமைவது போன்றதே இது. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேசன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கிலப் புதினங்களையும் செய்தித்தாள்களையும் பிறர் உதவியின்றிப் படித்துணர ஏறத்தாழ 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவைப்படுகின்றன. மைக்கேல் வெசுட்டு 1953இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்களே இருந்தன. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பகுதியையே பொதுவாக உயர்நிலைச் சொல்வளம் என்கின்றனர்.

வாரத்திற்கு 20 சொற்குடும்பங்கள் கற்கும் ஒரு மாணவர் ஓர் ஆண்டில் 1,040 குடும்பங்களையும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான 7 ஆண்டுகளில் 7,280 குடும்பங்களையும் கற்க இயலும். எனவே எண்ணிக்கை எட்ட முடியாததன்று. கற்றவை மறந்துபோவதே பெரிய இடர் ஆகும். தமிழ்வழியில் பயின்று கல்லூரியில் ஆங்கிலவழிக்கு மாறும் மாணவருக்கு இவ்விடர் கூடுதலாக உள்ளது. அவர் பாடப் பொருளை அறியாதவரல்லர். அப்பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே அறியாதவராக இருப்பார். ஏற்கெனவே அறிந்த உலகத்திலிருந்து சொற்களைத் தொடங்குவது இந்த இடைவெளியைக் குறைக்கிறது.

வரலாறு

தமிழ் மரபு

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகிய எட்டினைக் குறிப்பிடுகிறது. நம்பியகப்பொருள் இவற்றை 14 ஆக விரிக்கிறது. முல்லை என்றவுடன் மாயோன், வரகு, மான், முயல், கொன்றை, ஆநிரை மேய்த்தல் ஆகியவை ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. இவை ஒரே பொருள் தரும் சொற்களல்ல. ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் பொருள்களின் பெயர்களாகும்.

நிகண்டுகள் வேறொரு வகையில் அமைந்தவை. தமிழில் கிடைக்கும் நிகண்டுகளுள் பழமையான திவாகரம் 12 தொகுதிகளைக் கொண்டது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம், பண்பு, செயல், ஒலி முதலிய தலைப்புகளில் அமைந்த முதல் பத்துத் தொகுதிகளும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் கூறுகின்றன. 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுகிறது. 12ஆம் தொகுதி, முக்கனி, ஐம்புலன் என்பன போன்று எண்ணால் தொகுக்கப்பட்டவற்றைக் கூறுகிறது. பின்னர் பிங்கலந்தையும், மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டும் தோன்றின. செய்யுள் வடிவில் இருந்ததால் நிகண்டுகளை மனனம் செய்வது எளிதாக இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டு பாடமாகக் கற்பிக்கப்பட்டது.

சிதம்பர ரேவண சித்தர் 1594இல் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் அகர வரிசையில் அமைத்தது. இத்தாலியரான வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டதால் இப்பெயர் பெற்றது. அகர வரிசையைக் கைக்கொண்டபோதிலும், பொருளாலும் எண் தொகையாலும் எதுகையாலும் சொற்களைத் தேடும் வழிகளை இந்நூல் கைவிடவில்லை. வீரமாமுனிவர் தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். வளர்ந்த பின்னர் வேற்று மொழியாகத் தமிழைக் கற்ற ஒருவரே இத்தகைய அகராதியைத் தொகுத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது.

பிற நாடுகளில்

வடமொழியில் அமரசிம்மர் இயற்றிய அமரகோசம் மூன்று காண்டங்களில் சொற்களைப் பொருள்வழித் தொகுத்துள்ளது. ஐரோப்பாவில் கொமேனியசு 1658இல் வெளியிட்ட இலத்தீன் - செருமன் படநூல், தலைப்புக்கொரு படமும் அதிலுள்ள பொருள்களின் பெயர்களுமாக அமைந்தது. ஆங்கிலத்தில் மருத்துவரான பீட்டர் மார்க் ரோஜே, 1,000 தலைப்புகளை ஆறு பெரும் பிரிவுகளில் அடக்கிய சொற்களஞ்சியத்தை 1852இல் வெளியிட்டார். 1949இல் நார்மன் லூயிசு எழுதி வெளியிட்ட 'வேர்டு பவர் மேட் ஈஸி' என்னும் நூல், மனிதரின் குணவகைகள், மருத்துவர்கள், பேச்சுப் பழக்கங்கள் போன்ற தலைப்புகளில் உயர்நிலைச் சொற்களை வேர்ச்சொற்களுடன் கற்பிக்கிறது. இந்நூல் இந்தியாவில் போட்டித் தேர்வு எழுதுவோரிடையே பெரிதும் அறியப்பட்டதாகும்.

தொகுதி வகைகள்

சொற்றொகுதிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

* ஒருபொருள் தொகுதி: ஒரே வகையைச் சேர்ந்த அல்லது ஏறத்தாழ ஒரே பொருள் தரும் சொற்கள். (எ.கா. மழையின் வகைகள், நிறங்கள், சினத்தைக் குறிக்கும் சொற்கள்)
* நிகழ்களத் தொகுதி: ஒரு சூழலில் சேர்ந்து வரும் பெயர், வினை, அடை ஆகியவை. (எ.கா. களத்துமேடு, கதிர், அடித்தல், தூற்றுதல், பதர்)
* சொற்குடும்பத் தொகுதி: ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள்.
* சொற்சேர்க்கைத் தொகுதி: வழக்கில் இணைந்தே வரும் சொற்கள். தமிழில் 'கனமழை' என்பதுபோல ஆங்கிலத்திலும் பெருமழையைக் குறிக்கக் கனத்தைச் சுட்டும் 'ஹெவி' என்னும் அடையே வரும். வலிமையைச் சுட்டும் 'ஸ்ட்ராங்' வாராது.

நிகண்டின் பெரும்பகுதி முதல் வகையைச் சார்ந்தது. திணைக் கருப்பொருட் பட்டியல் இரண்டாம் வகைக்கு நெருங்கியது.

ஆய்வு முடிவுகள்

பாடநூல்கள் பலவும் புதிய சொற்களை ஒருபொருள் தொகுதிகளாகவே தருகின்றன. உடைகளின் பெயர்கள் ஒரு பாடத்திலும், உறவுப்பெயர்கள் மற்றொரு பாடத்திலும் வருவது வழக்கம். தாமசு டிங்கம் 1993இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கத்தை ஐயத்திற்கு உட்படுத்தியது. ஒரே வகையைச் சேர்ந்த சொற்களுக்குரிய புதிய பெயர்களைக் கற்றவர்கள், தொடர்பற்ற சொற்களுக்குரிய பெயர்களைக் கற்றவர்களைவிட மெதுவாகவே கற்றனர். யப்பானிய மொழி பேசுவோரிடம் இராபர்ட்டு வாரிங் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வும் இதே முடிவைத் தந்தது. ஒத்த பொருளுடைய சொற்கள் ஒரே நேரத்தில் அறிமுகமாகும்போது நினைவில் ஒன்றையொன்று குழப்புவதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. வலம், இடம் ஆகிய இரு சொற்களையும் ஒரே நாளில் கற்ற குழந்தை நெடுநாள் தடுமாறுவது இத்தகைய குழப்பத்திற்கு எளிய எடுத்துக்காட்டாகும்.

டிங்கம் 1997இல் நிகழ்களத் தொகுதிகளையும் சோதித்தார். தவளை, குளம், நீந்து, தாவு, பச்சை என்பன போன்று ஒரு காட்சியில் இணைந்து வரும் சொற்களைக் கற்றவர்கள், தொடர்பற்ற சொற்களைக் கற்றவர்களைவிட எளிதாகக் கற்றனர். இச்சொற்கள் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று வருவனவல்ல. ஆதலால் குழப்பம் எழுவதில்லை. ஒரு சொல் மற்றொன்றை நினைவூட்டவும் செய்கிறது.

இம்முடிவுகள் நிகண்டு முறை பயனற்றது என்று காட்டவில்லை. நிகண்டைக் கற்றவர்களுக்குத் தமிழ் தாய்மொழியாக இருந்தது. யானை, மலை, கடல் ஆகியவற்றின் பொதுப்பெயர்களை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர். செய்யுளின் எதுகைக்கும் சீருக்கும் ஏற்ற மாற்றுச்சொற்களே அவர்களுக்குத் தேவைப்பட்டன. இதனால் ஒரு வரிசைமுறை பெறப்படுகிறது. புதிய சொற்களை நிகழ்களத் தொகுதியாக அறிமுகம் செய்வதும், அவை ஓரளவு நிலைபெற்ற பின்னர் ஒருபொருட் சொற்களை அருகருகே வைத்து வேறுபாடு காண்பதும் ஏற்றதாகும்.

கரிசல் நில எடுத்துக்காட்டுகள்

வைப்பாற்றின் கரையில் அமைந்த விளாத்திகுளத்தைச் சுற்றியுள்ள பகுதி, பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலமாகும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, மிளகாய் ஆகியவை இங்குப் பயிராகின்றன. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. கோவில்பட்டி வட்டாரம் தீப்பெட்டித் தொழிலுக்கும் பெயர் பெற்றது. இப்பகுதியின் பேச்சு வழக்கில் நிலம், மழை, கால்நடை, தொழில் பற்றிய சொற்கள் மிகுதி. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் இச்சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டார்.

இங்கு வளரும் மாணவர் அறிந்த மூன்று களங்கள் கீழே தரப்படுகின்றன. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் முதலில் நேர்ப்பொருளும் அடுத்துக் கருத்துநிலைப் பொருளும் தரப்பட்டுள்ளன. உயர்நிலை ஆங்கில உரைநடையில் இச்சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் பொருளிலேயே வருகின்றன.

வயலும் களத்துமேடும்

* ஃபேலோ: தரிசாகக் கிடக்கும் நிலம், பயன்படுத்தப்படாத நிலை.
* கல்ட்டிவேட்: பயிரிடுதல், நட்பையோ பழக்கத்தையோ வளர்த்தல். தமிழில் 'பண்படுத்து', 'பண்பாடு' ஆகிய சொற்களுக்கிடையே உள்ள உறவு இதனை ஒத்தது.
* யீல்ட்: விளைச்சல் தருதல், விட்டுக்கொடுத்தல்.
* வினோ: தூற்றுதல், பலவற்றிலிருந்து வேண்டாதவற்றை விலக்குதல்.
* சாஃப்: பதர், மதிப்பற்றது. பயனற்ற சொல்லைப் பேசுபவரைத் திருக்குறளும் பதருக்கே ஒப்பிடுகிறது.
* சிஃப்ட்: சலித்தல், சான்றுகளை நுணுகி ஆராய்தல்.
* கிளீன்: அறுவடைக்குப் பின் நிலத்தில் தவறிக் கிடப்பவற்றைப் பொறுக்குதல்; சிறிது சிறிதாகச் செய்தி திரட்டுதல்.

பருத்தியும் நூலும்

* ஜின்: பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறி. 'எஞ்சின்' என்பதன் குறுக்கமாகும். இலாய் விட்னி 1794இல் இத்தகைய பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.
* யார்ன்: நூலிழை, நீண்ட கற்பனைக் கதை. தமிழில் 'சரடு விடுதல்' என்னும் வழக்கும் இழையிலிருந்தே பிறந்தது.
* ஸ்பின்ஸ்டர்: நூல் நூற்பவள், பின்னர் மணமாகாத பெண்ணைக் குறித்தது. இன்று மதிப்புக் குறைவான சொல்லாகக் கருதப்படுகிறது.
* ஷட்டில்: தறியில் ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடா, இரு இடங்களுக்கிடையே மாறி மாறிச் சென்று வருதல்.
* ஹெக்கிள்: சணல் போன்ற நாரைச் சிக்கெடுத்தல், மேடைப் பேச்சாளரை இடைமறித்துத் தொல்லை தருதல்.
* டெக்ஸ்ட்: 'நெய்' என்னும் பொருள்தரும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. துணியைக் குறிக்கும் 'டெக்ஸ்டைல்' இதன் உடன்பிறப்பாகும். தமிழில் 'நூல்' என்பது இழையையும் புத்தகத்தையும் குறிக்கிறது. நன்னூல், சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்பவளாகவும் உவமித்து இப்பெயரை விளக்குகிறது.

தீப்பெட்டித் தொழில்

* ஸ்பிளின்ட்: தீக்குச்சிக்குரிய மரக்குச்சி; எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் பட்டை.
* ஃபிரிக்ஷன்: உராய்வு, மனக்கசப்பு. தமிழில் 'உரசல்' என்பதும் இவ்விரு பொருளையும் தரும்.
* கிண்டில்: தீ மூட்டுதல், ஆர்வத்தைத் தூண்டுதல்.
* ஸ்மோல்டர்: சுடர்விடாமல் கனன்றுகொண்டிருத்தல், வெளிப்படாத சினம். 'நீறுபூத்த நெருப்பு' என்னும் தொடரோடு ஒப்பிடத்தக்கது.
* எக்ஸ்டிங்விஷ்: தீயை அணைத்தல், நம்பிக்கையையோ உரிமையையோ இல்லாமற் செய்தல்.
* இன்ஃபிளேமபிள்: எளிதில் தீப்பற்றக்கூடியது, எளிதில் சினம் கொள்வது.

இறுதிச் சொல்லில் சிறப்பான கவனம் தேவை. ஆங்கிலத்தில் 'இன்' என்னும் முன்னொட்டுப் பல சொற்களில் எதிர்மறைப் பொருள் தருவதால், இச்சொல்லைத் 'தீப்பற்றாதது' என்று பிழையாகக் கொள்வோர் உள்ளனர். உண்மையில் இதன் பொருளும் 'ஃபிளேமபிள்' என்பதன் பொருளும் ஒன்றே. இக்குழப்பம் உயிருக்கே கேடாகக் கூடும் என்பதால், எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃபிளேமபிள்' என்னும் வடிவமே இன்று பெரிதும் விரும்பப்படுகிறது. முன்னொட்டை மட்டும் கொண்டு பொருள் ஊகிக்கும் பழக்கத்தின் எல்லையை இச்சொல் காட்டுகிறது. வெடிமருந்தும் தீக்குச்சியும் கையாளப்படும் களத்தோடு சேர்த்துக் கற்பவர் இப்பொருளை மறப்பது அரிது.

ஒருபொருட் சொற்களை வேறுபடுத்தல்

களச் சொற்கள் நிலைபெற்ற பின்னர் ஒத்த சொற்களை ஒப்பிடலாம். மழை தொடர்பான ஆங்கிலச் சொற்களை இரு அளவைகளில் வரிசைப்படுத்துவது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

* அளவு: 'டிரிஸில்' (தூறல்), 'ஷவர்' (சிறிது நேரம் பெய்யும் மழை), 'டௌன்போர்' (கொட்டும் மழை), 'டெலூஜ்' (வெள்ளப் பெருக்காகும் பேய்மழை).
* இடைவெளி: 'ஸ்பொராடிக்' (எப்போதாவது, ஆங்காங்கே), 'இன்டர்மிட்டன்ட்' (விட்டு விட்டு), 'இன்செசன்ட்' (ஓயாமல்).

அளவுச் சொற்களையும் இடைவெளிச் சொற்களையும் இணைத்துத் தொடர் அமைக்கும்போது, அவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பது தெளிவாகிறது. இடைவெளிச் சொற்கள் மழைக்கு மட்டும் உரியனவல்ல. மின்தடை, காய்ச்சல், போராட்டம் முதலியவற்றுக்கும் ஏற்ப வருவதால், ஒரு களத்தில் கற்ற சொல் பிற களங்களுக்கும் பயன்படுகிறது.

கற்கும் முறை

1. நன்கு அறிந்த ஒரு களத்தைத் தேர்ந்தெடுத்தல்.
2. அக்களத்தில் உள்ள பொருள்கள், செயல்கள், தன்மைகளைத் தமிழில் பட்டியலிடுதல்.
3. அகராதியின் துணையுடன் அவற்றுக்குரிய 10 முதல் 12 ஆங்கிலச் சொற்களைக் கண்டறிதல். பெயர், வினை, அடை மூன்றும் கலந்திருத்தல் நன்று.
4. எல்லாச் சொற்களும் இடம்பெறும்படி ஒரு சிறு பத்தி எழுதுதல்.
5. ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்துநிலைப் பொருள் உண்டா எனப் பார்த்து, அப்பொருளில் மற்றொரு தொடர் எழுதுதல்.
6. மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என இடைவெளி விட்டு மீட்டல். கற்றவை நாளடைவில் மறையும் விதத்தை எபிங்காசு 1885இல் வெளியிட்ட ஆய்வு முதலில் அளந்து காட்டியது. இடைவெளி விட்டு மீட்டல் மறதியைக் குறைக்கிறது.
7. சில வாரங்களுக்குப் பின்னர் ஒருபொருட் சொற்களைச் சேர்த்து வேறுபாடு காணல்.

வரம்புகள்

எல்லாச் சொற்களும் ஏதேனும் ஒரு களத்தில் அடங்குவதில்லை. ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. 'அனலைஸ்', 'கன்சிஸ்ட்', 'சிக்னிஃபிகன்ட்' போன்ற இச்சொற்கள் எல்லாத் துறை நூல்களிலும் வருவனவாதலால், இவற்றைச் சொற்குடும்பமாகவும் சொற்சேர்க்கையாகவும் கற்பதே பொருத்தமானது.

ஒரு நிலத்தின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேரான சொல் இல்லாமலும் போகலாம். உழுவதற்குப் போதுமான ஈரம் தரும் மழையைக் கரிசல் உழவர் 'உழவு மழை' என்பர். ஆங்கிலத்தில் இதனைத் தொடராகவே விளக்க வேண்டும். அதேபோல் சில ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் களங்களில் அடங்குவதில்லை.

தமிழ் எழுத்தில் எழுதிக் கற்பதும் ஒலிப்பிற்கு முழுமையான துணையாகாது. பொறுக்குதலைக் குறிக்கும் சொல்லும் தூய்மையைக் குறிக்கும் சொல்லும் தமிழில் 'கிளீன்' என ஒரே வடிவில் எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் அவற்றின் முதலொலி வேறுபட்டது; முன்னதில் 'கங்கை' என்பதன் முதலொலியும், பின்னதில் 'கல்' என்பதன் முதலொலியும் வரும். எனவே சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒலிப்பையும் அகராதியில் உறுதிசெய்துகொள்வது இம்முறையின் இன்றியமையாத பகுதியாகும்.